சவானாவுக்கு நிக்கான் மோனார்க் எம்5 8×42 பைனாகுலர்: எங்கே கைகொடுக்கிறது, எங்கே குறைகிறது

செரெங்கெட்டி, மசாய் மாரா போன்ற சவானாப் புல்வெளிகளுக்குக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் 10 மடங்கு பைனாகுலரைத்தான் தேடுகிறார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி, ஆகவே பெரிதாகக் காட்டுவதே நல்லது என்று நினைக்கிறார்கள். ஆனால் அங்கே பார்வையை முதலில் கெடுப்பவை வண்டியின் ஆட்டமும் சூடேறிய தரையும் புழுதியும்தான். இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் 8 மடங்கே சரியான தேர்வு.

400 மீட்டரில் நிற்கும் சிவிங்கிப்புலி 8 மடங்கில் 50 மீட்டரில் நிற்பதுபோலத் தெரியும். 10 மடங்கில் 40 மீட்டர். கிடைக்கும் லாபம் இவ்வளவுதான். கை நடுக்கமோ அதே அளவுக்குப் பெரிதாகிறது. கூரை திறந்த ஜீப்பில் ஒருவர் கால் மாற்றி நின்றாலே பிம்பம் துள்ளும். எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள்; கூரை விளிம்பில் அவரையோ அரிசியோ நிரப்பிய சிறு துணிப்பையை வைத்து அதன்மேல் பைனாகுலரைச் சாய்த்துப் பிடியுங்கள். வெயில் ஏறியபின் புல்லின் மேல் காற்று அலையடிக்கும்போது எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கண்ணாடியாலும் அதைத் திருத்த முடியாது. 10 மடங்கு அந்த அலையையும் சேர்த்தே பெரிதாக்கும். தொலைவில் இருப்பவற்றைக் காலையிலேயே பார்த்துவிடுவது நல்லது.

வெளிச்சம் மங்கும் நேரத்திலும் 8×42 முந்துகிறது. முன்கண்ணாடியின் விட்டமான 42 மி.மீ.யை, பெரிதாக்கும் அளவான 8ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் சுமார் 5.3 மி.மீ.; 10×42இல் 4.2 மி.மீ. சிங்கமும் கழுதைப்புலியும் நடமாடத் தொடங்கும் அந்தி நேரத்தில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். எம்5இல் இ.டி. கண்ணாடி (நிறங்களைக் குறைவாகச் சிதறடிக்கும் கண்ணாடி) இருப்பதால், வெளுத்த வானத்தில் வட்டமிடும் பாறுக் கழுகின் விளிம்பில் ஊதா நிறம் கசிவதும் குறைவு. எடை 630 கிராம். நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கவிட முடிகிறது, பட்டை மட்டும் அகலமாக இருக்க வேண்டும்.

குறை பார்வைப் பரப்பில்தான். 1000 மீட்டரில் 112 மீட்டர் அகலம் தெரிகிறது. இதே நிறுவனத்தின் எம்7 8×42 145 மீட்டர் காட்டும். புல்லில் படுத்திருக்கும் சிங்கத்தின் காது நுனி மட்டுமே வெளியே தெரியும் இடத்தில் இது சின்ன வேறுபாடு இல்லை. பணம் இடம் கொடுத்தால் எம்7ஐ எடுங்கள். மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்கு மட்டும் எம்5 வசதி: கண்ணை 19.5 மி.மீ. தள்ளி வைத்தாலும் முழு வட்டமும் தெரியும், எம்7இல் 17.1 மி.மீ. மூக்குக்கண்ணாடியோடு பார்க்கும்போது கண் குவளைகளைக் கீழே இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஓரங்கள் கறுத்துப்போகும்.

பரப்பு குறைவு என்பதால் தேடும் முறை முக்கியம். பைனாகுலரை ஓட்டிக்கொண்டே போனால் எதுவும் அகப்படாது. ஓர் இடத்தில் நிறுத்தி, நிதானமாகப் பார்த்து, பாதி வட்டம் நகர்த்துங்கள். முதலில் தனி மரங்களின் நிழல், பிறகு கறையான் புற்றுகளின் உச்சி, பாறைக்குன்றுகள், கடைசியாக வேலமரங்களின் கிடைக்கிளைகள். அங்கே நேர்கீழாக ஒரு வால் தொங்கினால் சிறுத்தையாக இருக்கலாம். மான்கூட்டம் முழுக்க ஒரே பக்கம் விறைத்துப் பார்த்தால் அந்தப் பக்கத்தை முதலில் அலசுங்கள்.

படம் தெளிவாக இல்லை என்று பலர் புகார் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் வலக்கண் வளையத்தை, அதாவது இரு கண்களின் பார்வை வேறுபாட்டை ஈடுகட்டும் வளையத்தைச் சரிசெய்யாததுதான். வலப்பக்க முன்கண்ணாடியை மூடி, இடக்கண்ணால் ஒரு மரக்கிளையைப் பார்த்து நடுச்சக்கரத்தால் குவியுங்கள். பிறகு இடப்பக்கத்தை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் வளையத்தை மட்டும் திருப்பி அதே கிளையைத் தெளிவாக்குங்கள். வண்டியில் கைமாறிக் கைமாறிப் போனால் இது கலைந்துவிடும்.

உள்ளே நைட்ரஜன் நிரப்பி அடைத்திருப்பதால் நீரும் தூசும் உட்புகாது, சேதம் வெளிக்கண்ணாடிக்குத்தான். தெற்கு செரெங்கெட்டியின் மண் எரிமலைச் சாம்பலால் ஆனது, அதன் துகள்கள் கண்ணாடிப் பூச்சைக் கீறும். சட்டை நுனியால் துடைக்கவே கூடாது. முதலில் ரப்பர் ஊதியால் ஊதி, பிறகு மென்தூரிகையால் தட்டி, கடைசியில்தான் மைக்ரோஃபைபர் துணி. வண்டி ஓடும்போது கண் பக்க மூடி எப்போதும் போட்டே இருக்கட்டும்.