வரும் கை எந்தப் பக்கம்? பக்கவாதத்துக்குப் பின் கழிப்பறைக்கு எது பொருந்தும்

டிஸ்சார்ஜ் தேதி தெரிந்ததும் பிள்ளைகள் கமோட் நாற்காலி வாங்க ஓடுகிறார்கள், அல்லது கொத்தனாரைக் கூப்பிட்டு வெஸ்டர்ன் டாய்லெட் வைக்கச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது, அப்பாவுக்கோ அம்மாவுக்கோ எந்தக் கை வரவில்லை, கழிப்பறையில் உட்கார்ந்தால் சுவர் எந்தப் பக்கம் வருகிறது என்பதைத்தான். விலையும் மாடலும் அதற்கப்புறம்.

கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கும் கமோட் நாற்காலி முதல் சில வாரங்களுக்கும் இரவு நேரத்துக்கும் நிகரில்லாதது. வேலூரில் சைதாப்பேட்டை, கொசப்பேட்டை போன்ற பழைய பகுதிகளில் வீடு குறுகலாக நீண்டு, கழிப்பறை கொல்லையில் இருந்தால், இரவு இரண்டு மணிக்கு மூன்று நிலைப்படி தாண்ட வேண்டும். பாதத்தைத் தூக்க முடியாதவருக்கு ஒவ்வொரு படியிலும் விரல் இடறும். சக்கரம் வைத்த நாற்காலி வேண்டாம். உட்காரும்போது முழங்காலின் பின்பக்கம் பட்டாலே அது பின்னால் நகர்ந்துவிடும். கால் உயரத்தை ஓட்டை மாற்றிக் கூட்டிக் குறைக்கும் மாடலாகப் பாருங்கள். பாத்திரத்தில் முன்னதாகவே அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி வைத்தால் ஒட்டாது, கழுவுவதும் சுலபம்.

இதன் குறை மனசு சார்ந்தது. ஹாலில், எல்லோரும் நடமாடும் இடத்தில் உட்கார வைத்தால் பெரியவர்கள் அடக்கிக்கொள்வார்கள். மலச்சிக்கல் வரும், முக்கும்போது ரத்த அழுத்தம் ஏறும். பிள்ளைகளுக்குத் தொல்லை வேண்டாம் என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள். வேலூர் கத்திரி வெயிலில் அது மிகவும் ஆபத்து. ஒரு திரையாவது கட்டுங்கள்.

அதே நாற்காலியின் பாத்திரத்தை எடுத்துவிட்டு இந்தியன் டாய்லெட்டின் மேல் நிறுத்துவது செலவில்லாத வழி. தரை சமமாக இருந்தால் மட்டுமே இது சரிப்படும். பழைய வீடுகளில் பேஸின் அரையடித் திண்டின் மேல் இருக்கும். நாற்காலியின் நான்கு கால்களும் அதில் அடங்காது, ஒன்று விளிம்பில் நிற்கும். கால் நுனியில் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்து இரும்புக் குழாய் வெளியே தெரிந்தால் ஈர டைல்ஸில் வழுக்கிவிடும். மாதம் ஒருமுறை தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள்.

நிரந்தரமாக வெஸ்டர்ன் டாய்லெட் போடுவதானால், பெரியவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே வேலையை முடித்துவிடுவது நல்லது. தரையை உடைத்து, கழிவுக் குழாயின் வாய்க்கு ஏற்ற பேஸின் பார்த்து, சிமெண்ட் இறுகச் சில நாள் பிடிக்கும். சாதாரண பேஸின் உயரம் 40 செ.மீ. அளவில்தான் இருக்கும். அதிலிருந்து ஒற்றைக் காலில் பலம் கொடுத்து எழுவது கடினம், 45 முதல் 48 செ.மீ. இருந்தால் பலருக்கு நல்லது. ஆனால் குட்டையான அம்மாவுக்கு மேலே வளையம் போட்டு உயர்த்தினால் பாதம் தரையைத் தொடாது, உடல் ஒருபக்கம் சாயும். தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து, இரண்டு மூன்று செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள்.

கை விஷயத்துக்கு வருவோம். இடது கை, கால் வராதவருக்கு உட்கார்ந்த நிலையில் வலப்பக்கம் சுவர் இருந்தால் கம்பி வைத்துவிடலாம். சுவர் இடப்பக்கம் இருந்தால் அங்கே எவ்வளவு நல்ல கம்பி மாட்டினாலும் பிடிக்கக் கை இல்லை. அப்போது பின்சுவரிலிருந்து வலப்பக்கமாக இறங்கும் மடக்குக் கம்பியோ, இருபக்கமும் கைதாங்கி உள்ள சட்டமோ வேண்டும். இன்னொன்றைப் பலர் பேசவே தயங்குகிறார்கள். இடக்கை வராவிட்டால், சாப்பிடும் கையாலேயே கழுவ வேண்டும். காலமெல்லாம் அப்படிச் செய்யாதவர்கள் இதற்காகவே கழிப்பறைக்குப் போக மறுப்பார்கள். ஹெல்த் ஃபாசெட்டை வலப்பக்கம் மாற்றி, கைக்கெட்டும் தூரத்தில் சோப்பு வைத்து, சாப்பாட்டுக்கு ஸ்பூன் கொடுத்துப் பாருங்கள்.

உறிஞ்சி ஒட்டும் கைப்பிடியா, துளையிட்டு மாட்டும் கம்பியா என்றால் தயக்கமே வேண்டாம், துளையிட்டதுதான். ஒட்டும் வகை சொரசொரப்பான டைல்ஸில் பிடிக்காது, டைல்ஸ் இடுக்கின் மேல் விழுந்தால் காற்று புகுந்து கழன்றுவிடும். அதுவும் முழு எடையும் அதன் மேல் விழும் நொடியில்தான் கழலும். கம்பியின் தடிமன் 32 முதல் 38 மி.மீ. இருந்தால் விரல் முழுதாகச் சுற்றும். திருகாணி பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் 5 செ.மீ. போக வேண்டும். சுண்ணாம்புக் காரைச் சுவரில் துளைக்குள் செருகிய பிளக் சுழன்றுகொண்டே இருந்தால், சுவரை முழுக்கத் துளைத்து மறுபுறம் இரும்புத் தகடு வைத்து போல்ட் போடச் சொல்லுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் உப்புத் தண்ணீரில் குளிப்பவர்கள் 304 ரக ஸ்டீல் கம்பியும் ஸ்டீல் திருகாணியும் கேட்டு வாங்குங்கள். முலாம் பூசிய இரும்பு துருப்பிடிக்கும். அந்தத் தண்ணீரும் சோப்பும் சேர்ந்து தரையில் ஒரு வழுக்குப் படலம் படியும், வாரம் இருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும்.

கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக் கிடந்தால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ள முடியாது. எழுப்பும்போது வராத கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள்மூட்டு இறங்கிவிடும். வராத பக்கம் நின்று இடுப்பில் கட்டிய துணிப்பட்டையைப் பிடியுங்கள்.

வேலூர் பாகாயத்தில் சிஎம்சி எனும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு மையம் 1966 முதல் இருக்கிறது. சக்கர நாற்காலியிலிருந்தே மருத்துவம் பார்த்த டாக்டர் மேரி வர்கீஸின் உழைப்பில் எழுந்தது அது. எந்த மையத்தில் சிகிச்சை என்றாலும், கழிப்பறைப் படத்தையும் கதவு அகலம், பேஸின் உயரம், சுவர் தூரம் ஆகிய அளவுகளையும் எடுத்துப்போய் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள்.

கொத்தனார் கிளம்பும் முன் ஒரு சோதனை. வீட்டில் ஒருவர், பெரியவருக்கு வராத கையைத் துண்டால் இடுப்போடு கட்டிக்கொண்டு, அந்தக் காலில் பலம் கொடுக்காமல் உட்கார்ந்து, கழுவி, எழுந்து பார்க்கட்டும். கை எங்கே தடுமாறுகிறதோ அங்கே பென்சிலால் குறி வைத்து, கம்பியை அங்கே மாட்டச் சொல்லுங்கள்.