தேனீப் பெட்டியில் ராணியைக் காணோம்: தேடுவதா, காத்திருப்பதா, புது ராணி வைப்பதா, சோதனைச் சட்டமா?

போன மாதம் பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி இரவு 10 மணிக்குக் கூப்பிட்டு, "அண்ணே, ராணி செத்துப்போச்சு, புது ராணி எங்க கிடைக்கும்?" என்று கேட்டார். செத்ததைப் பார்த்தீங்களா என்றேன். இல்லை, மூன்று தடவை தேடியும் காணவில்லை, முட்டையும் இல்லை, அவ்வளவுதான். புதிதாகத் தேனீப் பெட்டி வைக்கிற எல்லாருக்கும் இந்த நாள் ஒரு தடவை வரும்.

முட்டையும் புழுவும் இல்லாத பெட்டிக்குள் நாலு விதமான நிலைமை இருக்கலாம். ராணி நிஜமாகவே போயிருக்கலாம். புதிதாகப் பிறந்த கன்னி ராணி இன்னும் இணை சேராமல் உள்ளே திரிந்துகொண்டிருக்கலாம். பூவும் மகரந்தமும் இல்லாத வறண்ட மாதத்தில் நல்ல ராணியே முட்டையைக் குறைத்திருக்கலாம். அல்லது குடும்பம் கூட்டைவிட்டு ஓடுவதற்குத் தயாராகிக்கொண்டிருக்கலாம், நம்ம அடுக்குத் தேனீக்கு (நாட்டு இந்தியத் தேனீ) அந்தக் குணம் அதிகம். நாலுக்கும் மருந்து வேறு வேறு, ஒன்றுக்கானதை இன்னொன்றுக்குக் கொடுத்தால் குடும்பமே போய்விடும்.

ராணியைத் தேடுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். இத்தாலியத் தேனீ சட்டத்தின் மேலே (பெட்டிக்குள் அடை கட்டியிருக்கிற மரச்சட்டம்) அமைதியாக நிற்கும், நம்ம தேனீ கலைந்தால் கூட்டமாக ஓடும், ராணியும் கூடவே ஓடிப் பெட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கன்னி ராணி உடம்பும் சிறியது, பழகிய கண்ணுக்கே தப்பும். அரை மணி நேரம் புகை போட்டுத் தேடினால், ஓட யோசிக்கிற குடும்பத்தை நாமே தள்ளிவிட்ட மாதிரி ஆகும். அதைவிட முட்டையைப் பாருங்கள். வெயில் முதுகுப் பக்கம் இருக்கட்டும், அடையில் உள்ள அறையின் அடிவரை வெளிச்சம் விழுகிற மாதிரி சட்டத்தைச் சாய்த்துப் பிடியுங்கள், கண் தெரியவில்லை என்றால் செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். முட்டை பொரிக்க 3 நாள் ஆகும், முதல் நாள் நிமிர்ந்து நிற்கும், மூன்றாம் நாள் படுத்துவிடும். அறைக்கு ஒன்றாக, அடியில் நடுவே ஒரு முட்டை தெரிந்தால் 3 நாளுக்குள் ராணி அங்கே இருந்திருக்கிறது. மூடிவிட்டு வந்துவிடலாம்.

காத்திருப்பது சில சமயம் சரியான முடிவுதான், ஆனால் கையில் ஒரு தடயம் வேண்டும். அடையின் ஓரத்தில் நிலக்கடலைத் தோடு மாதிரி தொங்குகிற ராணி அறையைப் பாருங்கள். அதன் நுனி வட்டமாக, மூடி திறந்த மாதிரி வெட்டியிருந்தால் உள்ளேயிருந்து ராணி வெளியே வந்துவிட்டது. பக்கவாட்டில் கிழிந்திருந்தால் வேறொரு ராணி அதை அழித்திருக்கிறது, அப்படியென்றாலும் உள்ளே ஒரு ராணி உண்டு. வெளியே வந்த ராணி இணை சேர்ந்து முட்டையிட ஏறக்குறைய 10 நாளிலிருந்து 2 வாரம் பிடிக்கும், ஐப்பசி கார்த்திகை அடைமழை என்றால் இன்னும் தள்ளும். பழைய ராணி போன நாளிலிருந்து எண்ணினால் புது முட்டை தெரிய 4 வாரம் வரை ஆகலாம். பறக்கப்போன ராணியைப் பஞ்சுருட்டான் பிடித்துத் தின்பதும் உண்டு. நம்ம செட்டிநாட்டுப் பக்கம் ஒரு நல்ல விஷயம், பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளின் சுவர்ப் பொந்துகளில் காட்டுக் கூடுகள் இருக்கின்றன, ஆண் தேனீக்குப் பஞ்சமில்லை. தடயமே இல்லாமல் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுவதுதான் தப்பு. இணையத்தில் வருகிற வெளிநாட்டுக் கணக்கெல்லாம் இத்தாலியத் தேனீக்கு உரியது, நம்ம தேனீயில் ராணி இல்லை என்றால் பணித் தேனீக்கள் அதைவிடச் சீக்கிரமே முட்டையிட ஆரம்பித்துவிடும்.

உடனே புது ராணி வைப்பதுதான் புதியவர்களுக்கு முதலில் தோன்றுகிறது. எனக்கும் தோன்றியது. முதல் வருடம் ஆச்சி வீட்டுத் தோட்டத்துப் பெட்டியில் முட்டை காணோம் என்று, பக்கத்துப் பெட்டியிலிருந்து முற்றிய ராணி அறை ஒன்றை வெட்டியெடுத்து வைத்தேன். மறுநாள் அது பக்கவாட்டில் கிழிந்து கிடந்தது. உள்ளே கன்னி ராணி இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. ஒரு நல்ல ராணி வீணாகப் போனது இன்றைக்கும் மனசில் உறுத்துகிறது. அதனால் ராணி இல்லை என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் இந்த வழி.

அந்த உறுதியைக் கொடுப்பது சோதனைச் சட்டம். நல்ல குடும்பத்திலிருந்து முட்டையும் பொரித்து ஒரு நாளான புழுவும் இருக்கிற ஒரு சட்டத்தை எடுத்து, தேனீக்களைத் தூரிகையால் மெதுவாகத் தள்ளிவிட்டு (அந்தப் பெட்டி ராணி அதில் இல்லை என்று இரண்டு தடவை பாருங்கள்), சந்தேகப் பெட்டியின் நடுவில் வைக்கவேண்டும். காலையிலோ சாயங்காலமோ செய்யுங்கள், நம்ம ஊர் வெயிலில் புழு காய்ந்துவிடும், ஈரத்துணி போர்த்தி எடுத்துப்போங்கள். மூன்றாம் நாள் திறந்து பாருங்கள். அடையின் நடுவிலேயே புழு அறையை இழுத்துப் பெரிதாக்கி ராணி அறை கட்டியிருந்தால் ராணி இல்லை. அப்படியே விட்டாலும் அவையே வளர்த்துக்கொள்ளும், அவசரம் என்றால் இப்போது ராணியை வையுங்கள். ஒன்றும் கட்டாமல் புழுவை மட்டும் ஊட்டி வளர்த்தால், பெரும்பாலும் உள்ளே ராணி இருக்கிறது, இரண்டு வாரம் தொடாதீர்கள். தப்பாகப் போனாலும் இதில் நஷ்டம் இல்லை, அந்தப் புழுக்கள் வேலைக்காரர்களாகப் பிறந்து குடும்பத்துக்குப் பலம்தான் சேர்க்கும். இதற்காகத்தான் யார் கேட்டாலும் ஆரம்பத்திலேயே இரண்டு பெட்டி வாங்குங்கள் என்று சொல்கிறேன், ஒரு பெட்டிக்காரர் இந்தச் சட்டத்துக்கு எங்கே போவார்?

முட்டை இல்லாததைவிடத் தாறுமாறாக இருப்பது மோசம். ஒரே அறையில் மூன்று நான்கு முட்டை, அதுவும் பக்கச் சுவரில் ஒட்டியிருந்தால் அது பணித் தேனீ இட்டது, அதன் வயிறு அறையின் அடிவரை எட்டாது. புது ராணியும் முதல் சில நாள் சில சமயம் ஒரே அறையில் இரண்டு முட்டை இடும், ஆனால் அடியில் இடும். பணித் தேனீ இட்ட முட்டையிலிருந்து ஆண் தேனீதான் வரும். சின்ன அறைகளின் மூடி புடைத்து, நடுவில் ஊசித்துளை மாதிரி ஒரு ஓட்டை தெரியும், அது நம்ம தேனீயின் ஆண் அறைக்கே உள்ள அடையாளம். இங்கே புது ராணி வைத்தால் பெரும்பாலும் கொன்றுவிடும். புழுச் சட்டம் ஒன்று போதாது, வாரம் ஒன்றாக மூன்று நான்கு கொடுக்கவேண்டும், அவ்வளவு சட்டம் நம்மிடம் ஏது? கூட்டம் சின்னதாகிவிட்டிருந்தால் நான் இணைத்துவிடுவேன். பொழுது சாய்ந்ததும் பலமான குடும்பத்தின் மேல் ஒரு தினத்தந்தித் தாளை விரித்து, ஊசியால் நாலைந்து குத்துக் குத்தி, அதன்மேல் இந்தப் பெட்டியை ஏற்றி வைத்தால், தாளைக் கடித்துத் தின்று இறங்குவதற்குள் இரண்டு பக்க வாசனையும் ஒன்றாகிவிடும்.

பள்ளத்தூர்த் தம்பிக்கு ஒரு பெட்டிதான். மறுநாள் விடிகாலையில் என் பெட்டியிலிருந்து ஒரு சட்டத்தை ஈரத்துணியில் சுற்றி வண்டியில் எடுத்துக்கொண்டு போனேன். மூன்றாம் நாள் படம் அனுப்பினார், ராணி அறை ஒன்றுகூட இல்லை. பெட்டியைத் திறக்கவே கூடாது என்று சொல்லிவைத்தேன். பதினாறாம் நாள் வந்த படத்தில் அறைக்கு ஒன்றாக முட்டை நின்றுகொண்டிருந்தது.