ஜெக்கிலா, ஹியூகோவா, இலெவென்டியா? மும்மொழித் தளம் செய்கிறவனின் கணக்கு

காலை எட்டேகாலுக்கு டீச்சரிடமிருந்து கோல். "தம்பி, அரங்கேற்ற அறிவித்தல் எட்டு மணிக்கு வந்திடும் எண்டு சொன்னனீங்கள். ஒண்டையும் காணேல்லையே."

வெள்ளவத்தையில் பரதம் பழக்குகிறவர். தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் அவருக்கு இணையத்தளம் செய்து கொடுத்தது நான்தான், ஹியூகோ என்ற தளம் கட்டும் கருவியில். பஸ்ஸில் நின்றபடியே போனில் பார்த்தேன். கோப்பு இருக்கிறது. பில்ட், அதாவது கோப்புகளிலிருந்து தளத்தைக் கட்டும் ஓட்டம், பச்சை காட்டுகிறது. பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. பக்கம் மட்டும் இல்லை.

பஸ் பம்பலப்பிட்டி தாண்டுவதற்குள் காரணம் விளங்கிவிட்டது. கோப்பின் தலையில் திகதியும் "08:00" என்ற நேரமும் எழுதியிருந்தேன், எந்த ஊர் நேரம் என்று எழுதவில்லை. ஊர் சொல்லாத நேரத்தை ஹியூகோ யு.டி.சி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொள்ளும். கொழும்பு அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால் நிற்கிறது. ஆக, ஹியூகோவின் கணக்கில் அந்த அறிவித்தல் பகல் 1:30க்கு உரியது. எதிர்காலத் திகதி போட்ட பக்கத்தை அது வாய் திறக்காமல் விட்டுவிடும். ஒன்றரைக்குத் தானாக வந்துவிடும் என்று காத்திருந்தாலும் வராது, ஏனென்றால் இன்னொரு தடவை பில்ட் ஓடினால்தான் தளம் மாறும். என் லப்டொப்பில் முதல் நாள் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்ததே என்றால், சோதனைக்காக எதிர்காலப் பக்கங்களையும் காட்டும் ஆளியைப் போட்டு வைத்திருந்தேன்.

கொழும்பில் இந்த வேலை செய்கிற பலரும் கேட்கிற கேள்வி "எது வேகம்?" என்பதுதான். ஜெக்கில், ஹியூகோ, இலெவென்டி மூன்றுமே டேட்டாபேஸ் இல்லாமல், எழுதிய கோப்புகளை டெம்ப்ளேட்டில் (பக்க வார்ப்பில்) ஊற்றி எச்டிஎம்எல் பக்கங்களாக இறக்கித் தருகிற கருவிகள். ஆயிரக்கணக்கான பக்கங்கள் இருந்தால் ஹியூகோவின் வேகத்தை நெருங்க மற்ற இரண்டாலும் முடியாது. நடனப் பள்ளிக்கும் ரியூசன் வகுப்புக்கும் நூறு பக்கம் தாண்டாது, எதுவும் போதும். நான் பார்ப்பது வேறு: நம் எழுத்து, நம் நேரம், நம் மூன்று மொழிகள் இவற்றோடு எது மல்லுக்கு நிற்காமல் வேலை செய்கிறது, பிழைத்தால் எது வாய் திறந்து சொல்கிறது.

மூன்று பேரும் யார்

ஜெக்கில் மூத்தது. நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பின் நிறுவனர்களில் ஒருவரான டொம் பிரெஸ்டன்-வேர்னர் 2008இல் வெளியிட்டது. ரூபி மொழியில் ஓடுகிறது, டெம்ப்ளேட் மொழி, இணையக் கடைத் தளமான ஷொப்பிஃபையில் பிறந்த லிக்விட். ஹியூகோ 2013இல் ஸ்டீவ் ஃபிரான்சியா தொடங்கியது. கோ மொழியில் எழுதியது, டெம்ப்ளேட்டும் கோ மொழியுடையதே. இலெவென்டி ஸாக் லெதர்மனுடையது. ஜாவாஸ்கிரிப்டில் ஓடும், லிக்விட், நஞ்சக்ஸ் என்று பல டெம்ப்ளேட் மொழிகளில் எழுதலாம்.

திகதி

டீச்சரின் சிக்கலுக்கு ஹியூகோவில் மருந்து இரண்டு. அமைப்புக் கோப்பில் நேர வலயம் ஏசியா/கொழும்பு என்று ஒரு வரி, அல்லது ஒவ்வொரு நேரத்துக்கும் பின்னால் +05:30. நான் இரண்டையும் போடுகிறேன். ஜெக்கிலும் எதிர்கால இடுகைகளை மறைக்கும். அங்கேயும் நேர வலய அமைப்பு உண்டு, ஆனாலும் +0530 என்று கையால் எழுதிவிடுவதுதான் நிம்மதி.

இலெவென்டி நேரெதிர். அது எதையும் தானாக மறைக்காது. அடுத்த மாதத் திகதி போட்டு இன்று ஏற்றினால் இன்றே வெளியில் வரும். ரகசியமாக வைத்திருந்த பரிசளிப்பு விழா விவரம் இப்படி வெளியே போனால் யாரிடம் போய்ச் சொல்வது? மறைக்க வேண்டும் என்றால் நாமே ஒரு வடிகட்டி எழுத வேண்டும்.

இலெவென்டியில் இன்னொரு பழைய புகார், திகதி ஒரு நாள் பின்னால் காட்டுகிறது என்பது. நேரம் இல்லாமல் திகதியை மட்டும் எழுதினால் யு.டி.சி நள்ளிரவு என்று எடுக்கும். அமெரிக்காவில் இருப்பவருக்கு அது முதல் நாள் மாலை. நமக்கு அதே நாள் காலை 5:30 என்பதால் அந்தப் பிழை நம்மைத் தொடாது. நம்மைத் தொடுவது இதன் மறுபக்கம். தீபாவளியன்று அதிகாலை 4 மணி, +05:30 என்று ஒழுங்காகவே எழுதியிருந்தாலும், பில்ட் ஓடும் சேர்வர் யு.டி.சியில் இருந்தால் பக்கத்தில் முதல் நாள் திகதி அச்சாகும். ஜாவாஸ்கிரிப்டின் திகதி வடிவமைப்பானிடம் மொழி தமிழ், வலயம் கொழும்பு என்று இரண்டையும் கொடுத்து ஒரு ஃபில்டர் (மதிப்பை வாங்கி மாற்றித் தரும் சிறு செயற்கூறு) எழுதினால் சரி. மாதப் பெயரும் தமிழிலேயே வரும்.

ஹியூகோவிலும் நீளத் திகதி வடிவத்தைக் கேட்டால் பக்கத்தின் மொழிக்கேற்ப மாதப் பெயர் வரும். ஜெக்கிலில் வராது, பன்னிரண்டு பெயரையும் ஒரு தரவுக் கோப்பில் எழுதி எடுத்துப் போட வேண்டும். இதை ஒரு குறை என்று சொல்ல வந்தேன், ஆனால் "ஜூலை வேண்டாம் தம்பி, யூலை எண்டு போடுங்கோ" என்று சொல்கிறவர்களுக்கு மூன்றிலும் அந்தப் பட்டியலைக் கையால்தான் எழுதிக் கொடுக்கிறேன்.

புள்ளி

ஹியூகோவுக்குப் புதிதாக வருகிறவர்கள் அழுவது இந்த இடத்தில். கோ டெம்ப்ளேட்டில் ஒற்றைப் புள்ளி என்றால் "இப்போது கையில் இருப்பது". பக்கத்தின் தொடக்கத்தில் அது பக்கம். பட்டியல் ஒன்றைச் சுற்றும் வளையத்துக்குள் போனதும் அந்தப் பட்டியலின் ஒவ்வொரு உருப்படியாக மாறிவிடும். நம்முடைய "இங்கே" மாதிரி: யாழ்ப்பாணத்தில் நின்று சொன்னால் யாழ்ப்பாணம், கொழும்பில் நின்று சொன்னால் கொழும்பு. மாணவிகளின் பட்டியலைச் சுற்றும்போது தளத்தின் பெயரைப் புள்ளியால் கூப்பிட்டால், மாணவியிடம் போய்த் தளத்தின் பெயரைக் கேட்கிறோம். அவளிடம் எங்கே இருக்கும்? பில்ட் உடைந்து நிற்கும்.

வளையத்துக்கு வெளியே இருந்ததைக் கேட்க டாலர் குறி: $ என்றால் தொடக்கத்தில் எது கையில் இருந்ததோ அது. இதைப் படித்ததும் எல்லாரும் எல்லா இடத்திலும் டாலர் போடத் தொடங்குவார்கள், இரண்டாவது பொறி அங்கேதான். தனிக் கோப்பில் வைத்த துண்டு டெம்ப்ளேட்டுக்குள் டாலர் என்பது பக்கம் அல்ல. அந்தத் துண்டுக்கு நாம் எதைக் கொடுத்து அனுப்பினோமோ அது மட்டும். ஒரு பெயரை மட்டும் கொடுத்து அனுப்பினால் டாலரும் அந்தப் பெயர்தான். தளத்தின் விவரங்களுக்கு ஹியூகோவில் தனியாக ஒரு பொதுச் செயற்கூறு உண்டு, அதை எங்கிருந்தும் கூப்பிடலாம். டாலருக்குப் பதில் அதைப் பழகிக்கொண்டால் பாதித் தலையிடி போய்விடும்.

லிக்விட்டில் இந்தக் கூத்து இல்லை. பக்கத்தின் தலைப்பு என்றால் எங்கே நின்றாலும் பக்கத்தின் தலைப்புதான். ஆனால் அதற்கு வேறு வியாதி: எழுத்துப் பிழை விட்டால் ஒன்றும் சொல்லாமல் வெற்றிடத்தை அச்சிடும். ஒரு மாறியின் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு இரண்டு கிழமையாகத் தொலைபேசி இலக்கம் இல்லாமல் ஒரு தொடர்புப் பக்கத்தை ஓட விட்டிருக்கிறேன். ஜெக்கிலில் மாறிகளைக் கண்டிப்பாகச் சோதிக்கும் அமைப்பு ஒன்று உண்டு, அதைப் போட்டுவிடுங்கள். அப்புறம், லிக்விட்டில் 'மற்றும்', 'அல்லது' கலந்து ஒரு நிபந்தனை எழுதினால் அது வலமிருந்து இடமாகக் கணிக்கும். அடைப்புக்குறி போட்டு மாற்றவும் முடியாது. நிபந்தனைகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் பிரித்து எழுதுவதே வழி.

கோ டெம்ப்ளேட் திட்டும், ஆனால் எந்தக் கோப்பு எத்தனையாவது வரி என்று சொல்லித் திட்டும். மௌனத்தைவிட அது எனக்கு மேல்.

மேற்கோள் குறிகளிலும் இதே குணபேதம்தான். தலைப்பில் இரட்டை மேற்கோள் இருந்தால் ஜெக்கிலில் தேடுபொறிக்கான மெட்டா விவரிப்பு பாதியில் உடையும், குறிகளைப் பாதுகாக்கும் எஸ்கேப் ஃபில்டரை நாமே போட வேண்டும். நஞ்சக்ஸும் ஹியூகோவும் தாமாகவே பாதுகாக்கும். அதனால் நாம் வேண்டுமென்றே அனுப்பிய எச்டிஎம்எல்லும் சில வேளை குறிகளோடு அப்படியே திரையில் தெரியும். நம்பிக்கையான உள்ளடக்கத்துக்கு மட்டும், அப்படியே விடு என்று சொல்லும் 'சேஃப்' போடுங்கள்.

தமிழை வெட்டும் கத்தி

முகப்பில் செய்திச் சுருக்கம் காட்ட வாக்கியத்தை வெட்ட வேண்டும். "கொழும்பு" என்று எழுதினால் கண்ணுக்கு நான்கு எழுத்து: கொ, ழு, ம், பு. கணினிக்கு எட்டு: க, ஒகரக் குறி, ழ, உகரக் குறி, ம, புள்ளி, ப, உகரக் குறி. லிக்விட்டின் ட்ரங்கேட் ஃபில்டர் இந்த எட்டைத்தான் எண்ணும். ஐந்தாவதில் வெட்டு விழுந்தால் "கொழும". ஏழாவதில் விழுந்தால் "கொழும்ப". அதோடு, பின்னால் ஒட்டும் மூன்று புள்ளிகளையும் நீளக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும், ஆகவே நாம் நினைத்த இடத்துக்கு மூன்று முன்னாலேயே வெட்டும். சொற்களை எண்ணி வெட்டும் ட்ரங்கேட்வேர்ட்ஸ் அதிலேயே இருக்கிறது, தமிழுக்கு அதை மட்டும் பயன்படுத்துங்கள். நஞ்சக்ஸின் ட்ரங்கேட் வேறு சொல்லாவிட்டால் இடைவெளி பார்த்தே வெட்டும். ஹியூகோவும் சொல்லின் நடுவில் கை வைக்காது.

பக்கங்களின் முகவரிகளில் நிலைமை தலைகீழ். தலைப்பை முகவரியாக்கித் தரும் இலெவென்டியின் ஸ்லகிஃபை ஃபில்டர் எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தாக்கப் பார்க்கும். தமிழ் அதற்குத் தெரியாது, வெறுமையைத் திருப்பித் தரும். "இசை", "நடனம்" என்ற இரண்டு குறிச்சொற்களும் ஒரே முகவரியில் போய் முட்டி பில்ட் நிற்கும். ஜெக்கிலின் ஸ்லகிஃபை சிங்களத்தில் "ஸ்ரீ" என்று எழுதும்போது நடுவில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறியை எடுத்துவிட்டு ஒரு சிறு கோட்டைப் போடும், கூட்டெழுத்து இரண்டாகப் பிளக்கும். ஹியூகோ தமிழை அப்படியே விடும், ஆனால் எங்கிருந்தோ நகலெடுத்த அமைப்புக் கோப்பில் 'பாதையின் அசைக்குறிகளை நீக்கு' என்பது இயங்கு நிலையில் இருந்தால் புள்ளிகள் உதிரும். கொழும்பு "கொழுமபு" ஆகும்.

மூன்றுக்கும் என் பதில் ஒன்றுதான்: முகவரியை ஆங்கில எழுத்தில் கையால் எழுதுங்கள். தமிழ்ப் பற்று இருக்கட்டும், ஆனால் முகவரிக் குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்தாக விரியும். "கொழும்பு" என்ற ஒரு சொல் மட்டும் 72 எழுத்து. வட்ஸ்அப்பில் அப்படி ஒரு இணைப்பு வந்தால் ஏதோ வைரஸ் என்று அம்மாமார் அழித்துவிடுகிறார்கள்.

மூன்று மொழி

இங்கே போட்டியே இல்லை. கோப்புப் பெயரின் முடிவில் மொழிக் குறியீட்டைச் சேர்த்தால் போதும், ஹியூகோ மூன்று தளங்களாகப் பிரித்து, ஒரே பக்கத்தின் மற்ற மொழிப் பதிப்புகளையும் இணைத்துத் தரும். பொத்தான், மெனு மாதிரியான சிறு சொற்களுக்கு மொழிக்கொரு கோப்பு. சிங்களப் பதிப்பு இல்லாத பக்கத்தில் சிங்களப் பொத்தானைக் காட்டாமல் விடுவதும் எளிது. இலெவென்டி இரண்டாம் பதிப்பிலிருந்து மொழிப் பிளகின் (மேலதிகச் செருகல்) ஒன்றைத் தருகிறது. முகவரிகளைப் பார்த்துக்கொள்ளும், சொற்களை மொழிபெயர்க்கும் ஏற்பாடு நம் பொறுப்பு. ஜெக்கிலில் வெளிப் பிளகின்தான். கிட்ஹப்பின் தளம் ஏற்றும் சேவையான கிட்ஹப் பேஜஸின் சொந்த பில்ட் அனுமதித்த பிளகின்களை மட்டுமே ஏற்கும் என்பதால், ஜெக்கிலின் ஒரே பெரிய வசதியான 'ஏற்றிவிட்டால் தானே கட்டிக்கொள்ளும்' என்பதும் அங்கே கைவிட்டுப் போகிறது.

மாணவிகளின் பெயரை அகர வரிசையில் போடச் சொன்னார் டீச்சர். ஜெக்கில் யூனிகோட் எண்ணைப் பார்த்து அடுக்கும். அதில் ற, வ-வுக்கு முன்னால் வரும், ஜ போய் ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் உட்காரும். றஜனி வசந்திக்கு முன்னால் நின்றால் எந்தத் தமிழ் டீச்சர் விடுவார்? இலெவென்டியில் தமிழ் வரிசையைத் தெரிந்த ஜாவாஸ்கிரிப்ட் ஒப்பீட்டை ஒரு வரியில் கூப்பிடலாம். ஹியூகோவின் புதிய பதிப்புகள் மொழியைப் பார்த்தே அடுக்கும்.

கை மாறும்போது

ஹியூகோவில் எனக்குக் கோபம் ஒன்றுதான், அது தன் பழைய அமைப்புகளை அடிக்கடி மாற்றும். 0.146இல் டெம்ப்ளேட் கோப்புறைகளின் ஏற்பாட்டையே மாற்றினார்கள். தளத்தின் தோற்ற வார்ப்பான 'தீம்'ஐப் புதுப்பிக்காமல் ஹியூகோவை மட்டும் புதுப்பித்தால் ஒரு நாள் பில்ட் விழும். பதிப்பு எண்ணைப் பூட்டி வையுங்கள். ஜெக்கிலும் உத்தமர் இல்லை: ரூபி 3.0 வெப்ரிக் என்ற சிறு சேர்வரைத் தன்னோடு தருவதை நிறுத்தியதும் பழைய ஜெக்கில் தளங்கள் உள்ளூரில் ஓட மறுத்தன; அதைத் தனியாகச் சேர்த்தால் சரி. இலெவென்டி இந்த விஷயத்தில் அமைதியானது, அதன் மேல் நாம் குவிக்கிற நோட் (ஜாவாஸ்கிரிப்ட்) பொதிகள்தான் கனம்.

ஒரே மொழி, ஒரே ஆள், செலவில்லாமல் வேண்டும் என்றால் ஜெக்கில் கொடுக்கிறேன். டெம்ப்ளேட்டில் கணக்கு வழக்கு அதிகம், எடுத்து நடத்துகிறவருக்கு ஜாவாஸ்கிரிப்ட் தெரியும் என்றால் இலெவென்டி. மூன்று மொழி என்று வாயெடுத்தாலே ஹியூகோ.

டீச்சரின் தளம் இன்னும் ஹியூகோவில்தான் ஓடுகிறது. அறிவித்தல்களை இப்போது அவருடைய மாணவி ஒருத்தி ஏற்றுகிறாள். புதுப் பக்கத்துக்கான மாதிரிக் கோப்பில் நேரத்துக்குப் பின்னால் +05:30 தானாக விழும்படி செய்து வைத்திருக்கிறேன். "அண்ணா, இதை அழிக்கலாமா, வடிவில்லாமல் கிடக்கு" என்று போன கிழமை மெசேஜ் போட்டிருந்தாள். வேண்டாம் பிள்ளை, அது கிடக்கட்டும் என்றேன்.