கார்லாவா, எஸ்விஎல்லா? தானா ஓடுற கார டெஸ்ட் பண்ண நான் எடுத்தது எது

ஒரு உயிர்ச்சேதமும் இல்லாம 27.5 கோடி மைல் ஓட்டிக் காட்டுனாத்தான் தானியங்கி கார் உயிர்ப்பலி விஷயத்துல மனுஷன விட மோசமில்லன்னு நம்பிக்கையா சொல்லலாம்னு 2016லயே அமெரிக்க ஆய்வு நிறுவனமான ராண்ட் கார்ப்பரேஷன் கணக்கு போட்டுச்சு, அத ரோட்ல ஓட்டி முடிக்கிற கதை இல்ல, அதனால கம்ப்யூட்டருக்குள்ளயே ஓட்டிப் பாக்கற சிமுலேட்டர் வேணும்ங்கறதுல சண்டையே இல்ல, கார்லா, எஸ்விஎல்னு ரெண்டு சிமுலேட்டர்ல எதுங்கறதுதான் கேள்வி. நான் கார்லா பக்கம்.

ரெண்டும் ஓப்பன் சோர்ஸ், ரெண்டுலயும் கேமரா, லேசர்ல தூரம் அளக்கற லைடார், ரேடார் உண்டு. கார்லா ஓடுறது அன்ரியல் கேம் எஞ்சின்ல, எஸ்விஎல் யூனிட்டி எஞ்சின்ல. கார தானா ஓட்ட வைக்கிற மென்பொருள்களான அப்போலோ, ஆட்டோவேர் ரெண்டையும் நேரா கோக்கறதுல எல்ஜியோட எஸ்விஎல் அருமையா இருந்துச்சு, அத மறுக்கவே முடியாது.

ஆனா 2022 ஜனவரியோட எல்ஜி அத வளர்க்கறத நிறுத்திட்டாங்க. மேப், வண்டி, சென்சார் செட்டப்னு எல்லாமே அவங்க வெப் சர்வீஸ் வழியா வர்ற மாதிரி கட்டுனது, சோர்ஸ் கோட் மட்டும் கையில இருந்து என்ன பண்றது?

எல்லாம் நம்ம கையிலயே இருக்கறது ஏன் இவ்ளோ முக்கியம்னா, நின்னுட்டிருக்க பஸ்ஸுக்குப் பின்னாடிருந்து ஒருத்தர் குறுக்க வர்றாரு, கார் லேட்டா பிரேக் அடிக்குதுன்னு வைங்க, கோட சரி பண்ணிட்டு அதே சீன அப்படியே திரும்ப ஓட்டணும், அடுத்த வருஷம் மாடல மாத்துனாலும் அதே சீன ஓட்டணும், இல்லன்னா தேறுனது காரா இல்ல சிமுலேட்டர் மாறிப்போச்சான்னே தெரியாது. கார்லால மேப் பேக்கேஜோடயே வந்துரும், சிமுலேட்டர் நம்ம கோடுக்காக காத்திருந்து நகர்ற சிங்க்ரனஸ் மோடு, ஒவ்வொரு அடியும் ஒரே நேர அளவுல போற ஃபிக்ஸடு டைம் ஸ்டெப், மத்த வண்டிகள ஓட்டுற டிராஃபிக் மேனேஜருக்கு ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி ஓட ஒரு சீடு நம்பர், இந்த மூணையும் போட்டு, ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னாடியும் வேர்ல்ட ரீலோட் பண்ணிக்கணும். நான் கார்லா 0.9.15 வெர்ஷன, மாறாம அப்படியே இருக்கட்டும்னு டாக்கர் கண்டெய்னர்ல பூட்டி வச்சிருக்கேன். 0.10 அன்ரியல் 5க்குப் போயிருச்சு, பழைய ரிசல்ட்ட அதோட ஒப்பிடாதீங்க.

குறையும் இருக்கு. ஜிபியுல (கிராஃபிக்ஸ் கார்டு) 6 ஜிபியாவது வேணும், 8 இருந்தா நல்லது, லினக்ஸ்ல சோர்ஸ்லருந்து பில்ட் பண்ணா 130 ஜிபி டிஸ்க் போயிரும். அதவிட ஆபத்தானது மழை, ஏன்னா கார்லால வெதர் மாத்துனா கேமராக்குத்தான் தெரியும், ரோடு வழுக்காது, டயர் ஃப்ரிக்‌ஷன நீங்களே குறைச்சு வைக்கணும். அத மறந்துட்டு மழை டெஸ்ட் பாஸுன்னு ரிப்போர்ட்ல எழுதிராதீங்க, தயவுசெஞ்சு.

முழுக்க ஆட்டோவேர்ல இருக்கவங்க டியர் ஃபோர் நிறுவனத்தோட ஏடபிள்யூசிம் சிமுலேட்டர பாக்கலாம், அதுவும் யூனிட்டிதான். நான் டெமோ மட்டும்தான் ஓட்டுனேன், சுலபமா கோத்துக்கிச்சு, வருஷக்கணக்குல பராமரிக்க எப்படின்னு அத வச்சு வேலை செய்றவங்க சொன்னாத்தான் சரியா இருக்கும்.