மீன் பேனும் நங்கூரப் புழுவும் பார்க்க ஒரு பத்து மடங்கு லென்ஸ்: 14 மாதம் கழித்து எழுதுகிறேன்

இந்த லென்ஸ் என் கைக்கு வந்து 14 மாதம் ஆகிறது. நகைக்கடையில் வைரம் பார்க்கக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொள்வார்களே, அந்த வகை மடிப்பு லென்ஸ்தான். பத்து மடங்கு உருப்பெருக்கம், மூன்று கண்ணாடிகளை ஒன்றாக ஒட்டிச் செய்தது, 21 மில்லிமீட்டர் விட்டம், சுற்றிலும் ஆறு பொடி எல்.இ.டி. விளக்குகள். மடித்தால் சட்டைப் பையில் அடங்கிவிடும். அரிய நன்னீர் மீன் வளர்ப்பவர்கள் மருந்து டப்பா வாங்குவதற்கு முன்னால் இதை வாங்க வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து. குறைகளும் இருக்கின்றன, அவற்றையும் சொல்கிறேன்.

நான் வளர்ப்பது மிஸ் கேரளா. மூக்கிலிருந்து கண் வழியாக முதுகுத் துடுப்பு வரை ஓடும் சிவப்புக் கோடும், அதற்குக் கீழே வால் வரை போகும் கறுப்புக் கோடும் உள்ள மீன். மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளை விட்டால் இயற்கையில் இதற்கு வேறு வீடு கிடையாது. 1865இல் ஃபிரான்சிஸ் டே என்ற மீன் ஆய்வாளர், அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த வில்லியம் டெனிசனின் பெயரை இதற்கு வைத்தார். 2013இல் சஹ்யாத்ரியா என்ற புதுப் பேரினத்துக்கு மாற்றினார்கள். தொட்டி வியாபாரத்துக்காக ஆற்றிலிருந்து வாரி எடுத்ததும் சேர்ந்துதான் இந்த மீனை அழியும் ஆபத்துப் பட்டியலில் கொண்டுபோய் விட்டிருக்கிறது. அதனால் ஆற்றில் பிடித்ததை நான் தொடுவதில்லை. குளத்தில் பிறந்து வளர்ந்த ஆறு குஞ்சுகளை வாங்கினேன்.

திறந்த குளத்து மீனோடு நங்கூரப் புழு என்ற ஒட்டுண்ணி வரலாம் என்பது எனக்குத் தெரியும். பத்து நாள் தனித்தொட்டியில் வைத்திருந்தேன். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பெரிய தொட்டியில் விட்ட மூன்றாம் நாள், ஒரு மீனின் முதுகுத் துடுப்பு அடியில் வெள்ளையாக ஒரு நூல். பூஞ்சை என்று முடிவு செய்து அதற்கான மருந்தைப் போட்டேன். நாலு நாள் போனது. நூல் அப்படியே இருந்தது, அதைச் சுற்றித் தோல் சிவந்து வீங்கிவிட்டது. வீட்டுக்கு வந்த நண்பர் தன் பையிலிருந்து ஒரு லென்ஸை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பூஞ்சை இல்லப்பா இது. நுனியப் பாரு, ரெண்டு பை தொங்குது" என்றார். பார்த்தேன். அன்று இரவே இந்த லென்ஸுக்கு ஆர்டர் போட்டேன்.

அந்த நூலின் நுனி கவட்டை போல இரண்டாகப் பிரிந்திருந்தது. இரண்டு கிளையும் நீளமான முட்டைப் பைகள். பச்சை கலந்த வெள்ளை நிறத்தில் உள்ளே முட்டைகள் நெருக்கியடித்துக் கொண்டிருந்தன. வெளியே தெரிவது உடம்பும் முட்டையும் மட்டும்தான். தலை மீனின் சதைக்குள் நங்கூரம் மாதிரி கிளை விரித்துப் பிடித்துக்கொண்டிருக்கும். புழு என்று பெயர் வைத்துவிட்டார்களே ஒழிய இது புழுவே இல்லை. இறாலுக்கும் நண்டுக்கும் சொந்தம். லெர்னியா சைப்ரினேசியா என்பது லின்னேயஸ் 1758இல் வைத்த பெயர். மீனில் தைத்துக்கொண்டு தொங்குவது எல்லாமே பெண். ஆண் இணை சேர்ந்ததும் செத்துப்போகும். பெண் மட்டும் மீனுக்குள் தலையைப் புதைத்து, உருமாறி, நூலாக நீண்டுவிடும்.

பத்து நாள் தனிமை ஏன் போதவில்லை என்பதும் அதன் பிறகுதான் புரிந்தது. முட்டையிலிருந்து வரும் குஞ்சு முதலில் தண்ணீரில் நீந்தித் திரியும், பிறகு செவுளில் போய் ஒட்டும். அந்தப் பருவத்தில் அது ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. 25 முதல் 30 டிகிரித் தண்ணீரில் ஒரு தலைமுறை முடிய ஏறக்குறைய 18 முதல் 25 நாள் ஆகும். நான் பார்த்துப் பார்த்துத் தேடிய அந்தப் பத்து நாளும் அது செவுளுக்குள் இருந்திருக்கிறது. இப்போது என் தனித்தொட்டிக் கணக்கு ஆறு வாரம். வாரம் இரண்டு முறை லென்ஸ்.

மீனை எப்படிப் பார்ப்பது? லென்ஸ் வாங்கும் பலர் இதில்தான் ஏமாந்து போகிறார்கள். பத்து மடங்கு லென்ஸில் பொருள் இரண்டரை சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தால்தான் தெளிவாகத் தெரியும். தொட்டியின் நடுவில் நீந்தும் மீனை இதை வைத்துப் பார்க்கவே முடியாது. நான் நாலு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு குறுகலான கண்ணாடிப் பெட்டி ஒட்டி வைத்திருக்கிறேன். மீனை அதில் விட்டு, பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் தகட்டால் மெதுவாக முன் கண்ணாடிப் பக்கம் அணைத்தால் போதும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு தலையை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும், லென்ஸை அல்ல. துடுப்புகளின் அடி, ஆசனவாய்ப் பக்கம், செவுள் மூடியின் ஓரம், கண்ணைச் சுற்றி. ஒரு மீனுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்வதில்லை, மீன் பதறிவிடும்.

புழுவைப் பிடுங்கும்போது லென்ஸ் இன்னும் முக்கியம். ஈரத் துணியில் மீனைப் பிடித்துக்கொண்டு, கூர்முனை இடுக்கியால் புழுவைத் தோலோடு ஒட்டிய இடத்தில் பற்றி நிதானமாக இழுக்க வேண்டும். நடுவில் பிடித்தால் அறுந்துவிடும். தலை உள்ளேயே தங்கிப் புண் அழுகும். வெளியே வந்ததை ஒரு வெள்ளைத் தட்டில் தண்ணீர் விட்டுப் போட்டு லென்ஸில் பார்ப்பேன். நங்கூரக் கிளைகள் முழுசாக இருந்தால் வேலை முடிந்தது. என் ஆறு மீன்களில் இருந்து மொத்தம் ஒன்பது எடுத்தேன். எட்டு முழுசாக வந்தன. ஒன்று அறுந்தது. அந்த மீனின் புண்ணில் அயோடின் தொட்டு வைத்து, அது ஆறுவதை லென்ஸிலேயே மூன்று வாரம் பார்த்தேன். ஓரத்திலிருந்து கறுப்பு நிறமிகள் புள்ளி புள்ளியாகத் திரும்ப வந்து காயத்தை மூடியதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் போட்டது டைஃப்ளூபென்சுரான். கைட்டின் என்ற ஓட்டுப் பொருள் உருவாவதைத் தடுக்கும் மருந்து இது, அதனால் தோலுரிக்கும் பருவத்தில் உள்ளவைதான் இதற்குச் சாகும். சதையில் தைத்து நிற்கும் தாய் தோலுரிப்பதை நிறுத்திவிட்டது, அதற்கு மருந்தை நம்பிப் பயனில்லை, கையால்தான் எடுக்க வேண்டும். தொட்டியில் இறால் இருந்தால் மருந்துக்கு முன்பே வேறு தண்ணீருக்கு மாற்றிவிடுங்கள். இறாலும் தோலுரிக்கும் பிராணிதான், அதையும் இந்த மருந்து கொல்லும்.

மீன் பேனுக்கு இந்த லென்ஸ் இன்னும் பொருத்தம். ஆர்குலஸ் என்று பெயர். தட்டையாக, கண்ணாடி போலத் தெளிவாக, அரை சென்டிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரை இருக்கும். செதிலோடு செதிலாக ஒட்டியிருந்தால் வெறும் கண் தாண்டிப் போய்விடும். நண்பரின் தொட்டியில் ஒரு கெண்டையின் மேல் பார்த்தேன். முதலில் இரண்டு கறுப்புக் கண்கள், பிறகு அவற்றுக்குக் கீழே இரண்டு வட்டமான உறிஞ்சிகள், கோப்பையைக் கவிழ்த்த மாதிரி. நாலு ஜோடி நீச்சல் கால்கள் ஒரு நொடிகூட நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தன. நங்கூரப் புழு போல இது ஒரே இடத்தில் கிடக்காது. மீனை விட்டு இறங்கி நீந்தி, தொட்டிக் கண்ணாடியிலும் கல்லிலும் வரிசையாக முட்டையை ஒட்டிவிட்டு வரும். அந்த முட்டை வரிசையைக் கண்ணாடியில் கண்டுபிடித்ததும் லென்ஸ்தான். மீனை மட்டும் பார்த்திருந்தால் பாதிதான் தெரிந்திருக்கும்.

எங்கே கைவிடுகிறது என்றால் செவுளுக்குள். எர்கசிலஸ் என்று ஒன்று உண்டு, செவுள் இழைகளைக் கொக்கி போன்ற உணர்கொம்புகளால் கட்டிப்பிடித்துக் கிடக்கும், ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். உயிருள்ள மீனில் மூடியைத் தூக்கிப் பார்த்தால் வெள்ளைப் புள்ளி தெரியும், அது முட்டைப் பையா சளியா என்று பத்து மடங்கில் அடித்துச் சொல்ல முடியவில்லை. நங்கூரப் புழுவின் குஞ்சும் அப்படித்தான். அதற்கு நுண்ணோக்கி வேண்டும். இந்த லென்ஸ் அந்த வேலையையும் செய்யும் என்று அட்டைப் பெட்டியில் போட்டிருந்தது சரியில்லை.

"30 மடங்கு" என்று அச்சடித்து விற்கும் பெரிய வாய் லென்ஸ்களையும் இரண்டு வாங்கிப் பார்த்துவிட்டேன். ஒன்றுகூட 30 மடங்கு இல்லை. நீங்களே சோதிக்கலாம். எவ்வளவு தூரத்தில் எழுத்து தெளிவாகத் தெரிகிறது என்று அளந்து, 25 சென்டிமீட்டரை அந்தத் தூரத்தால் வகுத்தால் உண்மையான மடங்கு வந்துவிடும். உண்மையான 30 மடங்கு என்றால் பொருள் ஒரு சென்டிமீட்டருக்கும் உள்ளே வர வேண்டும். ஈர மீனை அவ்வளவு அருகில் வைத்துப் பார்க்க முடியாது. மீனுக்குப் பத்து மடங்குதான் சரி.

விளக்கு ஏமாற்றம். ஆறு எல்.இ.டி.யும் நேராக அடிப்பதால் ஈரச் செதிலில் பட்டுத் திரும்பிக் கண்ணைக் கூசுகிறது. நான் அதை அணைத்துவிட்டு, பக்கவாட்டில் சாய்வாக ஒரு டார்ச்சை வைக்கிறேன். சாய்ந்த வெளிச்சத்தில் மீன் பேனின் விளிம்பு சட்டென்று எடுத்துக் காட்டும். அதைவிடப் பெரிய குறை, மடிப்புத் திருகு. எட்டாவது மாதம் துருப்பிடித்துத் தளர்ந்தது. ஈரக் கையோடு வேலை செய்பவர்களுக்கும் விற்கிற பொருளில் துருப்பிடிக்காத திருகு போட்டிருக்கலாம். கேட்டதற்கு விற்றவர்களிடமிருந்து பதிலே வரவில்லை. கண்ணாடி மட்டும் முதல் நாள் போலவே இருக்கிறது. ஓரத்தில்கூட வானவில் நிறம் அடிக்கவில்லை.

இந்த லென்ஸ் வந்த பிறகு என் பழக்கம் ஒன்று மாறியது. முன்பெல்லாம் ஒட்டுண்ணி என்று பார்த்தால் நசுக்கிவிடுவேன். இப்போது முதலில் பார்க்கிறேன். லெர்னியா, கெண்டையோடும் தங்கமீனோடும் உலகம் சுற்றிப் புது ஆறுகளில் குடியேறிய ஒன்று. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் வாழும் ஹம்ப்பேக் சப் என்ற அரிய மீனையும் அது பிடித்திருக்கிறது. லிட்டில் கொலராடோ ஆற்றின் வெதுவெதுப்பான தண்ணீரில் பெருகுகிறது. அணையிலிருந்து குளிர்ந்த நீர் வரும் பெரிய கொலராடோ ஆற்றில் அதால் வாழ்க்கைச் சுற்றை முடிக்க முடியவில்லை. இப்படி வந்தேறியதைப் பிடுங்கி எறிவதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் அந்தந்த மீனோடு கூடவே பிறந்து வளர்ந்த ஒட்டுண்ணிகளும் உண்டு. கோனோபெல்டிஸ் என்ற மீன் பேன் வகை ஆப்பிரிக்க ஆறுகளில் மட்டும்தான் இருக்கிறது. தென் அமெரிக்காவின் ஆர்ட்டிஸ்டோன் என்ற ஒட்டுண்ணி, மீனின் உடம்புக்குள்ளேயே பை செய்து குடியிருந்து, ஒரு சின்ன ஓட்டை வழியாக வெளியோடு தொடர்பு வைத்திருக்கும். ஒரே மீனை நம்பி வாழ்வது எதுவானாலும், அந்த மீன் போனால் அதுவும் போய்விடும். காட்டில் பிடித்த அரிய மீனில் லென்ஸில் பார்த்து அடையாளம் தெரியாத ஒன்று கிடைத்தால் நசுக்காதீர்கள். எத்தனால் ஊற்றிய சின்னக் குப்பியில் போட்டு, எந்த மீன், எந்த ஆறு, என்றைக்கு என்று ஒரு துண்டுக் காகிதத்தில் பென்சிலால் எழுதி உள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் துறை இருந்தால் கொண்டுபோய்க் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். குறைத்த ஒன்று திருகுக்கும் விளக்குக்கும் சேர்த்து. திருகை நானே துருப்பிடிக்காததாக மாற்றிக்கொண்டேன், கழுத்தில் ஒரு கயிறும் கட்டியாகிவிட்டது. போன வாரம் மூன்று புதுக் குஞ்சுகள் தனித்தொட்டிக்கு வந்திருக்கின்றன. இரண்டு முறை பார்த்துவிட்டேன், இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.