‘பிட்ச்’ என்ற சொல்லை வைத்து விக்சனரியை எடை போட்டால்

ஒரு அகராதி எவ்வளவு தேறும் என்று பார்க்க அரிய சொற்களைத் தேடிப் போக வேண்டாம். ‘பிட்ச்’ போதும். பாடுபவருக்கு அது சுருதி. லேத்தில் நிற்பவருக்குத் திருகாணியின் புரியிடைத் தூரம். கிரிக்கெட்டில் ஆடுகளம், விமானத்தில் மூக்கு ஏறி இறங்குவது, மரப்படகின் இடுக்கை அடைப்பவருக்குக் கீல், அதாவது தார் போன்ற கரிய பிசின். கையேடுகளை மொழிபெயர்ப்பவர்கள் கட்டணமில்லாமல் புரட்டக்கூடிய இணைய அகராதியான விக்சனரி இந்தச் சொல்லை எப்படிக் கையாள்கிறது?

ஆங்கிலப் பதிப்பைத்தான் முதலில் திறக்க வேண்டும். அங்கே பொருள்கள் வேர்வாரியாகப் பிரிந்து கிடக்கின்றன. கீல் என்ற பொருள் லத்தீன் ‘பிக்ஸ்’ வழி வந்தது. ஊன்றுதல், எறிதல் போன்றவை வேறு வேர். கூடாரம் அடிப்பதையும் பந்து எறிவதையும் ஒரே வினை ஏன் குறிக்கிறது என்பது இந்தப் பிரிவைப் பார்த்ததுமே பிடிபடும். தமிழ்ச் சொல் தேடும்போது கீலை மற்றவற்றோடு போட்டுக் குழப்பிக்கொள்ளும் ஆபத்தும் போய்விடும்.

பக்கத்தைப் படிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் வேர் எண். அடுத்து, பொருளுக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் நிற்கும் துறைப்பெயர். பிறகு கீழே உள்ள மொழிபெயர்ப்புப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியின் தலையிலும் அது எந்தப் பொருளுக்கானது என்று சுருக்கமாக எழுதியிருக்கும். நேரே ‘தமிழ்’ என்று தேடி முதலில் அகப்பட்டதை எடுத்தால் இசைச் சொல் திருகாணிக்குப் போய்விடும். தமிழ் வரி இல்லாத பெட்டிகளும் உண்டு; அப்போது பக்கத்துப் பெட்டியில் கடன் வாங்கவே கூடாது.

ஆனால் துறைப்பெயரை மட்டும் நம்பினால் பொறியியலில் கால் இடறும். எந்த அகராதிக்கும் உண்மையான சோதனை இங்கேதான். திருகாணியில் ‘எம்8 × 1.25’ என்றால் அடுத்தடுத்த இரு புரிகளுக்கு நடுவே 1.25 மில்லிமீட்டர். எல்இடி திரையில் ‘பி2.5’ என்றால் புள்ளிக்குப் புள்ளி 2.5 மில்லிமீட்டர். இரண்டும் இடைவெளி, எண் கூடினால் இடைவெளி கூடும். பல்சக்கரத்தில் ‘டயமெட்ரல் பிட்ச் 20’ என்று வந்தால் கதை தலைகீழ். அது சக்கரத்தின் பிட்ச் வட்ட (பற்கள் ஒன்றோடொன்று கவ்வும் இடத்தில் வரையப்படும் கற்பனை வட்டம்) விட்டத்தில் ஒரு அங்குலத்துக்கு எத்தனை பற்கள் என்ற கணக்கு. எண் கூடக் கூடப் பல் சிறுக்கும். 25.4ஐ அந்த 20ஆல் வகுத்தால், பல்லின் அளவை மில்லிமீட்டரில் சொல்லும் மாட்யூல் 1.27 மில்லிமீட்டர். பழைய தட்டச்சு இயந்திரத்தின் 10 பிட்ச், 12 பிட்ச்சும் இதே சாதிதான்: அங்குலத்துக்கு இத்தனை எழுத்து. இந்தக் கடைசி இரண்டையும் ‘இடைவெளி’ என்று பெயர்த்தால் வாக்கியம் பிழையில்லாமல் படிக்க வரும், பாகம் மட்டும் பொருந்தாது.

திருகாணியிலேயே இன்னொரு குழி உண்டு. ஒரு சுற்றுக்கு ஆணி எவ்வளவு முன்னேறுகிறது என்பதற்கு ஆங்கிலத்தில் ‘லீட்’ என்று தனிச் சொல். ஒற்றைப் புரியில் லீடும் பிட்ச்சும் சமம்; இரண்டு புரிகள் இணையாகச் சுற்றி ஓடும் இரட்டைப் புரியில் லீட் இரண்டு மடங்கு. இரண்டுக்கும் ‘புரியிடைத் தூரம்’ என்றே எழுதினால் இரட்டைப் புரி ஆணியின் கணக்கு பாதியாகவோ இருமடங்காகவோ தவறும்.

விமானக் கையேடு இன்னும் சிக்கல். மூக்கு ஏறி இறங்குவது ஒன்று. ஹெலிகாப்டர் இறக்கையின் கோணம் இன்னொன்று. மாதிரி விமான விசிறியில் ‘10 × 6’ என்று பொறித்திருந்தால் விட்டம் 10 அங்குலம், பிட்ச் 6 அங்குலம். வழுக்காமல் திருகிக்கொண்டு போனால் ஒரு சுற்றில் கடக்கும் தூரம் அது. மூன்றுக்கும் ‘விமானவியல்’ என்ற ஒரே துறைப்பெயர் பொருந்தும். எனவே எண்ணுக்குப் பின்னால் நிற்கும் அலகைப் பாருங்கள். பாகை என்றால் கோணம், அங்குலமோ மில்லிமீட்டரோ என்றால் தூரம், ஹெர்ட்ஸ் என்றால் ஒலி. ஒலியிலும் 440 ஹெர்ட்ஸ் என்பது அதிர்வெண். சுருதி என்பது அதைக் காது உணரும் விதம்.

தமிழ் விக்சனரியின் வசதி வேறு. ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் பல பக்கங்களில் துறைப்பெயரோடு தமிழ் ஈடுகள் வரிசையாக நிற்கின்றன. புழங்கும் கலைச்சொல்லைச் சட்டென்று நினைவுபடுத்திக்கொள்ள இது அருமை. ஆனால் வரையறையோ எடுத்துக்காட்டோ இல்லாத பக்கங்கள் நிறைய. பொருள் ஏற்கெனவே தெரிந்தவருக்குத்தான் அது துணை. பொருளைத் தேடி வருபவர் ஆங்கிலப் பதிப்பைப் பார்த்துவிட்டே இங்கு வர வேண்டும்.

மின்சாரமும் ஒலியும் என்றால் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் எலக்ட்ரோபீடியா என்ற இணையக் கலைச்சொல் தொகுப்புக்கே போய்விடலாம். அதுவும் இலவசம். துறைக்கு ஒரு எண் கொடுத்திருக்கிறார்கள், ஒலியியலுக்கு 801. வரையறைகள் கறாரானவை. தமிழ் கிடையாது.

இயந்திர மொழிபெயர்ப்பில் ‘பிட்ச்’ என்ற சொல்லை மட்டும் தனியாகக் கொடுக்காதீர்கள். எண், அலகு, பாகத்தின் பெயர் மூன்றும் உள்ள முழு வாக்கியமாகக் கொடுத்தால் சரியான பொருள் வர வாய்ப்பு அதிகம். உதிரிபாகப் பட்டியல் போன்ற அட்டவணைகளில் ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாகப் போனால் அந்தத் துணை கிடைக்காது. திருகாணி வரிசையில் ‘சுருதி’யோ ‘ஆடுகளமோ’ வந்து உட்காருவது இப்படித்தான். அங்கே தலைப்புக் கட்டத்தை முதலில் கையால் பெயர்த்து வைத்துவிட்டு, மீதியை இயந்திரத்திடம் கொடுப்பது நல்லது.