உரிமத்தைப் பார்க்காமல் விலை சொல்லாத துப்பாக்கிக் கடை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் நான்கு ஏக்கர் செம்பனை (பாமாயில் மரம்) வைத்திருக்கிறேன். மறுநடவு செய்த கன்றுகளின் குருத்தைக் காட்டுப்பன்றிகள் ஒரே இரவில் குதறிப்போட்டுப் போவதைக் காலையில் போய்ப் பார்ப்பவர்களுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும். அப்படியிருந்த ஒரு நாளில்தான், காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை, வீட்டுக்கே அனுப்புகிறோம் என்ற விளம்பரத்தை டெலிகிராமில் கண்டு, ஒரு தனிநபரின் வங்கிக் கணக்கில் 400 ரிங்கிட் முன்பணம் போட்டேன். மறுநாள் சுங்க வரிக்கென்று இன்னும் 650 கேட்டார்கள். துப்பாக்கியின் எண் தெரியும்படி ஒரு காணொளி அனுப்பச் சொன்னதற்கு முதலில் காட்டிய படமே திரும்ப வந்தது. பெரிதாக்கிப் பார்த்தபோது அதன் ஓரத்தில் வேறொரு விற்பனையாளரின் முத்திரை பாதி வெட்டுப்பட்டுத் தெரிந்தது. அதன்பின் அந்த டெலிகிராம் கணக்கே காணாமல் போயிற்று.

பணம் போனதைவிட, பொருள் வந்து சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதே இன்றும் என்னை நடுங்க வைக்கிறது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் காற்றுத் துப்பாக்கியும், துப்பாக்கியின் உதிரிப்பாகமும்கூட ஆயுதம்தான். உரிமமின்றிச் சுடும் ஆயுதம் வைத்திருப்பவருக்கு 1971ஆம் ஆண்டு கூடுதல் தண்டனைச் சட்டம் 14 ஆண்டு வரை சிறையும், ஆறுக்குக் குறையாத பிரம்படியும் விதிக்கிறது. புகார் கொடுக்கப் புறப்பட்டபோது, எதை வாங்க முயன்றேன் என்பதையும் அதே வாக்குமூலத்தில் சொல்லியாக வேண்டும் என்பது உறைத்தது. இந்தத் தயக்கத்தை நம்பியே அவர்கள் தொழில் நடத்துகிறார்கள் என்பது என் முடிவு. ஆனாலும் மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு அழைத்தேன், காவல் நிலையத்திலும் புகார் செய்தேன். மோசடிக் கணக்கா என்று சரிபார்க்க உதவும் காவல்துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் அந்த வங்கிக் கணக்கு எண்ணை முன்பே தட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு ஈப்போவில் உள்ள உரிமம் பெற்ற கடைக்குப் போனேன். தவுக்கே (கடை முதலாளி) கேட்ட முதல் கேள்வியே உரிமம் எங்கே என்பதுதான். இல்லை என்றதும் விலை பேச மறுத்துவிட்டார். ஆனால் என்னை உட்கார வைத்து, மாவட்டக் காவல் தலைமையகத்தில் எப்படி விண்ணப்பிப்பது, நிலப் பட்டாவை ஏன் இணைக்க வேண்டும், பன்றியைச் சுட வனவிலங்குத் துறையிடம் தனி அனுமதி ஏன் தேவை என்பதையெல்லாம் பொறுமையாக விளக்கினார். உரிமம் எல்லாருக்கும் கிடைத்துவிடாது என்பதையும் ஒளிக்கவில்லை.

பல மாதம் கழித்து உரிமத்தோடு போனபோது, அதையும் அடையாள அட்டையையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். ஒற்றைக்குழல் துப்பாக்கியை மடித்துத் திறந்து, குழல் வழியாக வெளிச்சத்தைப் பார்க்கச் செய்து, இரும்பில் பதிந்திருந்த எண்ணை என்னையே உரக்கப் படிக்கச் சொல்லி, அதைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினார். தோட்டாக்களை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார். உரிமத்தில் கண்ட அளவுக்கு மேல் ஒன்றுகூடத் தரவில்லை.

குறை என்றால், தெரிவு செய்ய மூன்றே துப்பாக்கிகள்தான் இருந்தன, விலையும் குறைவில்லை. தொலைபேசியை எடுக்கவே மாட்டார்கள். நேரில்தான் போக வேண்டும். போகும்போது அசல் உரிமத்தைக் கொண்டுபோங்கள், நகலைக் காட்டியவரை என் கண்முன்னேயே திருப்பி அனுப்பினார்.